சேலை மடிக்கும் கடையில் நான் வலது கை

சேலை மடிக்கும் தொழிலில் இறங்குகிற ஆண் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, தான் ஆண் என்பதை வெளியே சொல்லாமல் இருப்பதைத்தான்.

ஒரு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இன்னொரு வேலையைத் தொடங்கும் என் இனத்தாரே, கேக் சுடுகிறவர்களே, முறுக்கு பிழிகிறவர்களே, உங்களுக்கு என் பிழைப்பை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சாயங்காலம் கிள்ளானில் எங்கள் பிளாட் வீட்டு ஹாலில் நின்று சேலைக்குக் கொசுவம் மடிக்கிறேன். கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்ணாடி முன்னால் கொசுவத்தோடு மல்லுக்கட்ட இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது? சேலையை முன்கூட்டியே எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். அவரவர் உயரத்துக்கும் இடுப்புக்கும் தகுந்தபடி முந்தானையையும் கொசுவத்தையும் மடித்து, பின் குத்தி, அயன் போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுப்போம். எடுத்துச் சுற்றிச் செருகினால் வேலை முடிந்தது.

கடை என் மனைவி விமலாவுடையது. கையுறைத் தொழிற்சாலையில் வருஷக்கணக்காகப் பேக்கிங் பார்த்தவள். அவள் இருந்த லைனை மூடியபோது, இனிமேல் எவன் முன்னாலும் கைகட்டி நிற்கப்போவதில்லை என்று இதைத் தொடங்கினாள். அவளுக்கென்று, அவள் பேரில் இருந்த முதல் சொத்து இந்தக் கடைதான். ஓடத் தொடங்கிய நேரம் பார்த்து வலது கை மரத்துப்போனது. கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரலிலும் உணர்ச்சியே இல்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்யலாம், ஆனால் உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தோம். கல்யாண சீசன் சேலைகள் சோபாவில் குவிந்து கிடந்தன. விமலா அந்தச் சேலைகளைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "உங்க கை சும்மாத்தானே இருக்கு?"

பீசா பெட்டி

முதலீடு என்று சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் இருந்த அயன். செமினிக்கு வீடு மாறிப்போன பக்கத்து வீட்டுக்காரர்கள் விட்டுப்போன அயன் மேசை. எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி என்கிற கடையில் வாங்கிய துணி கிளிப்புகள். வெளியூரில் படிக்கும் மகள் முடியை நேராக்க வைத்திருந்த கருவி. கொசுவத்தின் ஓரத்தை அதில் இழுத்தால் கத்தி மாதிரி நிற்கும். எல்லாம் இருந்தது, பெட்டிதான் இல்லை. மேலே கண்ணாடித்தாள் ஒட்டிய அழகான சேலைப் பெட்டி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கேக் சாமான் விற்கும் கடையில் புதுசாய், வெறுமையாய், அளவெடுத்த மாதிரி ஒன்று கிடைத்தது. பீசா பெட்டி.

அப்போது விமலாவின் கை நன்றாக இருந்த காலம்; நான் டெலிவரி மட்டும்தான். செந்தூலில் ஒரு கொண்டோ குடியிருப்புக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். வாசலில் காவலுக்கு இருந்த கார்ட், பெட்டியைப் பார்த்ததும் பேர்கூட எழுதச் சொல்லவில்லை, "ஆறிடும், ஆறிடும், ஏறு" என்று லிஃப்டைக் காட்டிவிட்டார். மேலே கதவைத் திறந்தது ஒரு சின்னப் பையன். பெட்டியைக் கண்டதும் குதித்த குதி இருக்கிறதே! உள்ளே ஓடி, தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே மயில்கழுத்து நிறத்தில் சேலை. பையன் கேவிக்கேவி அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரி விமலாவுக்கு அந்த அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "சேலை சூப்பர் அக்கா, ஆனா அடுத்த தடவை கூட ஒரு பீசாவும் அனுப்பிடுங்க, என் பையன் என்னோட பேச மாட்டேங்கிறான் லா."

எதிரே நின்று படித்த பாடம்

கை மரத்த பிறகு விமலா வாத்தியார் ஆனாள். அயன் மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் இடது கையாலும் வாயாலும் காட்டுவாள், நான் பார்த்துப் பார்த்து அப்படியே செய்வேன். ஃபோர்க்லிஃப்டில் முட்டைத் தட்டையே உடையாமல் இறக்குகிறவன், துணி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். சாமி! துணி நகரும், வழுக்கும், ஒரு மடிப்பைப் பிடித்தால் இன்னொன்று கழன்று ஓடும். மூன்று சாயங்காலம் பாடுபட்டு முதல் சேலையை முடித்தேன். விமலா சுற்றிச்சுற்றிப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள். அவள் வாயில் அது பெரிய பட்டம்.

அந்தச் சேலை செமினியில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சருடையது. எங்கள் நிரந்தர வாடிக்கையாளர், சேலையை ஆள் வைத்து அனுப்பி ஆள் வைத்தே வாங்கிக்கொள்வார். பள்ளி விழா காலையில் போன் வந்தது. எதிரே நின்று அவள் வலம் காட்டியதை நான் இடமாகவும், இடம் காட்டியதை வலமாகவும் செய்துவைத்திருக்கிறேன்! முந்தானை வலது தோளுக்குப் போகிறது, கொசுவம் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற விமலாவுக்கும் அது தெரியவில்லை, ஏனென்றால் அவள் பக்கத்திலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. டீச்சர் பொறுமைசாலி. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்க, நான் அயன் மேசைக்குப் பின்னால் குனிந்து நின்றேன். "அக்கா, நான் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணாடியில பார்த்தா சரியா இருக்கு. நேர்ல பார்த்தாத்தான் தப்பா இருக்கு."

அன்றிலிருந்து விமலா என் பக்கத்தில் நின்றுதான் பாடம் நடத்துகிறாள்.

லோரிக்கு விசேஷம்

கை ஒரு வேலைக்குப் பழகிவிட்டால் மூளையைக் கேட்காது. கிடங்கில் ஒரு மழை நாள். லோரியிலிருந்து கழற்றிய கென்வாஸை மடித்து வைக்கச் சொன்னார்கள். யோசனை வேறெங்கோ இருந்தது. விமலாவின் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த வாரம் அது. நிமிர்ந்து பார்க்கிறேன், அந்தப் பெரிய கென்வாஸை விரல் அகலத்துக்கு ஒரே சீராக மடித்து, ஓரத்தை உள்ளங்கையால் நீவி, ரெண்டு இடத்தில் கயிறு வைத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். லோரி டிரைவர் இறங்கி வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "என்ன அண்ணே, லோரிக்குக் கல்யாணமா?"

தங்கமான மனுஷன்

விமலாவால் போனில் தட்டவும் முடியாது. ஆகவே கடையின் வாட்ஸ்அப்பில் "அக்கா"வும் நான்தான். உயரம், இடுப்பு, எந்தத் தேதிக்கு வேண்டும், இதெல்லாம் பிரச்சினை இல்லை. பெண்கள் அதோடு நிற்கிறார்களா? ரவிக்கை இறுக்கம், மாமியார் கொடுமை என்று போக ஆரம்பித்ததும் நான் போனை நெருப்புத் துண்டு மாதிரி தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவேன்.

ஒரு நாள் செமினி டீச்சர் எழுதியிருந்தார்: "எங்க வீட்டுக்காரர் கட்டின கைலியக்கூட மடிச்சு வைக்க மாட்டார் அக்கா. உங்க வீட்டுக்காரர் எப்படி?" கையில் அவர் சேலையின் பாதிக் கொசுவம், பல்லிடுக்கில் கிளிப். என்ன செய்வேன் சொல்லுங்கள்? "தங்கமான மனுஷன் டீச்சர். குடுத்து வச்சிருக்கணும்" என்று தட்டி அனுப்பிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் விமலா வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். இடது கையால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து மறுபடியும் படித்தாள். "பொய் சொல்லி என் கடைப் பேரைக் கெடுக்காதீங்க."

தீபாவளிப் பட்டு

எங்கள் தொழிலில் கண்ணைவிட விரல் முக்கியம். இன்றைக்குப் பட்டையும் பாலியஸ்டரையும் பார்த்துப் பிரிக்க முடியாது. ரெண்டும் ஒரே மாதிரி மின்னுகின்றன. விமலா கண்ணை மூடிக்கொண்டு பார்டரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள். "பட்டு." "கலப்படம்." "இது சும்மா லா." அதற்கேற்ற சூட்டில் அயனைத் திருப்பி வைப்பாள். விரல் மரத்தபோது அவளிடமிருந்து போனது அந்த அறிவுதான். கொசுவம் மடிக்க என் கை கிடைத்தது, ஆனால் அந்தத் தேய்ப்பை எனக்குக் கற்றுக்கொடுக்க அவளால் முடியவில்லை. "பட்டுன்னா ஒரு மாதிரி பேசும்க" என்பாள். என்னோடு எந்தச் சேலையும் பேசவில்லை.

பட்டுக்கு அயன் போட்டுப் பழகலாம் என்று, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் அலமாரியைத் திறந்தேன். எங்களுக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் தீபாவளிக்கு, பாசார் சந்தை நெரிசலில் இடிபட்டு, ஓவர்டைம் செய்த காசில் நான் வாங்கிக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டு. அவள் அதைப் பொத்திப்பொத்தி வைத்திருந்தாள். வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பட்டு அதுதான். பட்டுக்குரிய சூட்டை வைத்து மெதுவாக அமுக்கினேன். அயன் நகரவில்லை. இழுத்தால் துணியும் கூடவே வருகிறது. பட்டு கருகினால் முடி பொசுங்குகிற வாடை வரும் என்று விமலா சொல்லியிருக்கிறாள். வந்ததோ பிளாஸ்டிக் வாடை.

அவள் தலையில் துண்டோடு வந்து நின்றாள். முந்தானையில் அயன் அளவுக்கு ஓட்டை. "விமலா, இது பட்டே இல்ல" என்றேன். என்னை ஏமாற்றியவனை நினைத்து ஆத்திரம், இத்தனை வருஷம் அதைப் பட்டென்று நம்பி விசேஷத்துக்கெல்லாம் கட்டிக்கொண்டு போன இவளை நினைத்து அழுகை. அவள் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள். சிரித்தாள். "அன்னிக்குக் கையில வாங்குனப்பவே தெரியும். நீங்க அப்படிச் சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. அதைப் பார்த்துட்டு எவளாவது சொல்லுவாளா?"

உட்கார்ந்து கட்டும் சேலை

ஆபரேஷன் முடிந்து விமலா கையில் கட்டோடு வீட்டில் இருந்தபோது ஒரு அங்கிள் வந்தார். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், கத்தோலிக்கக் குடும்பம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் மனைவி சக்கர நாற்காலியில். மாதக்கணக்கில் கோயில் பூசைக்குப் போகவில்லை. கவுன் மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்குள் நுழைய மாட்டேன் என்று ஆன்டி பிடிவாதம், நிற்க வைத்துச் சேலை கட்ட அங்கிளால் முடியவில்லை. "உட்கார்ந்தே கட்டுற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார்.

விமலா அன்றுதான் பழைய விமலா ஆனாள். சேலையை ரெண்டு பாகமாக்கி, இடுப்பில் ஒட்டிப் பிரிக்கும் பட்டை தைத்து, முந்தானையைத் தனியாகத் தோளில் மாட்டுவது என்று கட்டுப் போட்ட கையை ஆட்டியபடி திட்டம் சொன்னாள். ஒரே ஒரு சிக்கல். உட்கார்ந்தால் கொசுவம் எவ்வளவு மேலே ஏறும் என்று பார்க்க யாராவது கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவளோ எதிரே நின்று அளவு பார்க்க வேண்டும். மிச்சம் யார்? நான் பிளாஸ்டிக் நாற்காலியில் முந்தானை சகிதம் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் அங்கிள் அளவு கொடுக்க ஆன்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். விமலா "ஆடாதீங்க, பின் குத்தியிருக்கு" என்று அதட்டினாள்.

ஆன்டி சிரிக்கவில்லை. நாற்காலியை என் எதிரில் நிறுத்தச் சொல்லி, மேலிருந்து கீழ்வரை என்னை நிதானமாகப் பார்த்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் அன்று ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "கொசுவம் இன்னும் இறங்கணும். ஃபாதர் என் கணுக்காலைப் பார்க்கணுமா?"

சூட்டைக் குறைங்க

கட்டுப் பிரித்துக் காயம் ஆறிவிட்டது. விரல்கள் வளைந்தன, டம்ளரைப் பிடித்தன. உணர்ச்சி மட்டும் வரவில்லை. விமலா வீட்டில் போகிற வழியெல்லாம் எதையாவது தேய்த்துக்கொண்டே நடப்பாள். ஜன்னல் திரை, மேசைத் துண்டு, என் சட்டைக் காலர். "என்ன?" என்பேன். "கட்டை மாதிரிதான் இருக்கு" என்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள், "பேசாம கடைப் பேரை உங்க பேருக்கு மாத்திருங்க, எல்லாத்தையும் நீங்கதானே செய்றீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் செமினி டீச்சரின் சேலை வந்தது. கூடவே ஒரு நீளமான செய்தி. மகன் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பட்டு. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கட்டப்போகிறார். பத்திரமாகப் பாருங்கள் அக்கா, இந்தத் தடவை நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அரக்கு நிறம், தங்கப் பார்டர், பெட்டியில் பட்டு என்று அச்சு வேறு. சனிக்கிழமை மத்தியானம் மேசையில் விரித்தேன். அயனைப் பட்டுச் சூட்டுக்குத் திருப்பினேன். முந்தானையை விமலா அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். மடிக்க முடியாவிட்டாலும் பிடித்துக்கொள்வது அவள் வேலை. அயனைத் தூக்கிவிட்டேன்.

"சூட்டைக் குறைங்க" என்றாள்.

"ஏன்?"

"இது பட்டு இல்லைங்க."

அயன் கையிலேயே நின்றது. விமலாவும் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். வலது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தப் பார்டர். ஒரு தடவை தேய்த்தாள். மறுபடியும் மெதுவாகத் தேய்த்தாள். "லேசாத்தான் தெரியுது. ஆனா தெரியுதுங்க" என்றாள். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். முகம் தெரியாத ஒரு பையனை எவனோ ஏமாற்றியிருக்கிறான், நான் அதற்குச் சந்தோஷத்தில் அழுகிறேன்! அயனை வைத்துவிட்டு அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விமலாதான் அதை வாங்கி, சூட்டைக் குறைத்து, என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அழுதுகொண்டே கொசுவத்தை முடித்தேன். கடைசி மடிப்பை மட்டும் அவள் தன் விரலால் பிடித்தாள். கொஞ்சம் கோணல்தான். நான் திருத்தவில்லை.

பெட்டியில் வைக்கிற நேரம் டீச்சர் வாசலில் நின்றார். கைலி கட்டிய ஒரு ஆள், கழுத்தில் கிளிப் மாலை, கண்ணெல்லாம் சிவப்பு, கையில் அவர் சேலை. அவர் என்னைப் பார்த்தார், விமலாவைப் பார்த்தார், இத்தனை நாள் யார் மடித்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் ரவிக்கை விஷயம் பேசியதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சிவந்தது. ஆனால் நல்ல மனசு. முதலில் கேட்டது, "அண்ணே, ஏன் அழுறீங்க?" என்றுதான். நான் வாயைத் திறந்தேன். விமலா என் காலை மிதித்தாள். "இதை வீட்டுல அயன் போடாதீங்க டீச்சர், எப்பவும் எங்ககிட்டயே கொண்டாங்க, நாங்க பார்த்துக்குறோம்" என்று பெட்டியை அவர் கையில் வைத்தாள். பிறகு அந்த மூடியின் மேல் வலது கையை ஒரு தடவை தடவிவிட்டுச் சொன்னாள். "இதே மாதிரி பட்டு ஒன்னு இவரும் எனக்கு வாங்கிக் கொடுத்தாரு டீச்சர். அந்த ஞாபகம் வந்துருச்சு."

கையில் காசில்லாமல் தொழில் தொடங்க நினைக்கும் என் இனத்தாரே, வீட்டில் ஒரு அயனும், பட்டு எது பாலியஸ்டர் எது என்று தெரிந்தும் வாயைத் திறக்காத ஒரு முதலாளியும் இருந்தால் தைரியமாக இறங்குங்கள், பீசா பெட்டி எங்கே மலிவு என்று நான் சொல்கிறேன்.